அல்ட்ராசோனிக் கிளீனர்: எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு அல்ட்ராசோனிக் கிளீனர் பத்திப் பேசலாம்னு இருக்கேன். கார்புரேட்டர், பேனா நிப், சால்டர் பண்ணின போர்டு, பழைய கொலுசு என்று வீட்டில் உட்கார்ந்து எதையாவது பிரிச்சு மாட்டிக்கிட்டே இருக்கிற ஆளுங்களுக்கு ஒரு கட்டத்துல இந்த மெஷின் மேல ஆசை வந்துடும். தண்ணீரை ஊத்தி, பொருளைப் போட்டு, பட்டனை அழுத்தினா அழுக்கு புகை மாதிரி கிளம்பி வரும். வீடியோவில் பார்க்கிறப்பவே கை பரபரக்கும். என்கிட்ட இருக்கிறது மூணு லிட்டர் தொட்டி. ஆறு வருஷமா ஓடுது.

ஆனா நான் இந்த மெஷினுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து வந்தவன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். அங்கே எங்களுக்கு நிரந்தர எதிரி ஒண்ணு உண்டு. பேரு கேவிட்டேஷன். கிணத்து மேட்டில் மோட்டார் உட்கார்ந்திருக்கும். சித்திரையில் தண்ணீர் கீழே இறங்கும். உறிஞ்சுற உயரம் ஆறேழு மீட்டரைத் தாண்டினா, இம்பெல்லரோட வாய்ப்பகுதியில் அழுத்தம் ரொம்பக் குறைஞ்சு போய், சூடே இல்லாம தண்ணீர் கொதிக்க ஆரம்பிச்சுடும். நிஜமாவே ஆவிக் குமிழிகள் வரும். அந்தக் குமிழி கொஞ்சம் தள்ளிப் போய் அழுத்தம் அதிகமான இடத்துக்கு வந்ததும் சட்டுனு உள்வாங்கி நொறுங்கும். வெளியே நின்னு கேட்டா பம்புக்குள்ள ஜல்லியை அள்ளிப் போட்ட மாதிரி சத்தம். ஒரு சீசன் அப்படி ஓட்டிட்டு இம்பெல்லரைக் கழட்டிப் பார்த்தா, கரையான் அரிச்ச கட்டை மாதிரி இருக்கும். வார்ப்பிரும்பு, வெண்கலம், எதுவா இருந்தாலும் சரி.

கப்பல்காரங்களுக்கும் இதே தலைவலிதான். புரொப்பல்லர் குழி குழியா அரிச்சுப் போச்சு. குமிழி நொறுங்கும்போது திரவத்தில் எவ்வளவு அழுத்தம் உருவாகும் என்பதை லார்ட் ரேலி 1917இல் கணக்குப் போட்டு எழுதினார். இன்னைக்கும் கேவிட்டேஷன் பாடம் எங்கே ஆரம்பிச்சாலும் அந்தக் கணக்கு வந்துடும்.

அல்ட்ராசோனிக் கிளீனர் செய்கிற வேலை இதேதான். பம்புல வேண்டாம் வேண்டாம்னு நாங்க துரத்தின குமிழியை இங்கே வேணும்னே உருவாக்குறாங்க. ஸ்டீல் தொட்டியின் அடியில், வெளிப்பக்கமா, பீசோ டிரான்ஸ்டியூசர் ஒட்டியிருப்பாங்க. மின்சாரம் கொடுத்தா சுருங்கி விரிகிற பொருள் அது. அழுத்தினால் மின்சாரம் வரும் என்கிற பக்கத்தை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டுபிடிச்சாங்க. முதல் உலகப் போர்ல நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுறதுக்காக லாங்கெவின் என்கிற பிரெஞ்சுக்காரர் குவார்ட்ஸை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து ஒலி எழுப்பும் கருவி செய்தார். நம்ம தொட்டிக்கு அடியில் போல்ட் போட்டு இறுக்கி வெச்சிருக்கிறது அதோட பேரப்பிள்ளைன்னு சொல்லலாம்.

வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு 40,000 தடவை தண்ணீரை இழுத்துத் தள்ளுது. இழுக்கிறப்போ குமிழி பிறக்குது, தள்ளுறப்போ நொறுங்குது. ஒரு திடப்பொருளுக்குப் பக்கத்துல நொறுங்குற குமிழி எல்லாப் பக்கமும் சமமா நொறுங்காது. ஒரு பக்கம் குழிஞ்சு, ஊசி மாதிரி ஒரு தண்ணீர்ப் பீச்சல் அந்தப் பொருளைப் பார்த்து அடிக்கும். பிரஷ் போகாத ஓட்டைக்குள்ள அழுக்கு போறது அதனாலதான். இம்பெல்லர் அரிக்கிறதும் அதனாலதான். அந்தக் குமிழிக்கு அழுக்கு எது, பொருள் எது என்கிற வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியது நாமதான். இன்னைக்கு நான் சொல்லப் போறதெல்லாம் இதைச் சுத்தியேதான் இருக்கும்.

சத்தம் எப்படி இருக்கும்னு கேட்டுக்குங்க.

[மெஷின் ஓடும் சத்தம், சில நொடிகள்]

நம்ம காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். அதனால 40 நமக்குக் கேட்காது. நீங்க கேட்ட அந்த 'கிர்ர்' குமிழிகள் நொறுங்குற இரைச்சலும் தொட்டி, மூடி எல்லாம் அதிர்ற சத்தமும் சேர்ந்தது. மூடியைப் போட்டுத்தான் ஓட்டணும். நான் பக்கத்து ரூம்ல இருப்பேன்.

வாங்குறதைப் பத்திச் சுருக்கமா. கண்ணாடி, மோதிரம் கழுவ என்று விற்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டிகள் சிலதுல அல்ட்ராசோனிக்கே இருக்காது. உள்ளே ஒரு மோட்டார் அதிரும், செல்போன் வைப்ரேட்டர் மாதிரி. ஸ்டீல் தொட்டி, ஹீட்டர், டைமர், வடிகால் குழாய் உள்ளதா வாங்குங்க. விளம்பரத்துல போட்டிருக்கிற வாட்ஸில் ஹீட்டரையும் சேர்த்துச் சொல்லியிருப்பாங்க, பிரிச்சுக் கேளுங்க. தொட்டி அளவை முடிவு பண்ண, நீங்க கழுவப் போற பெரிய பொருளைக் கூடையில் வெச்ச பிறகும் சுத்தி இரண்டு விரல் தண்ணீர் இருக்குமான்னு பாருங்க. அவ்வளவுதான்.

வந்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒண்ணு இருக்கு. சப்பாத்தி சுத்துற அலுமினிய ஃபாயில் ஒரு துண்டு. அதைத் தொட்டிக்குள் செங்குத்தா, அடியைத் தொடாம பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் ஓட்டுங்க. விரல் தண்ணீருக்குள் போகாம கம்பியிலோ கிளிப்பிலோ பிடிக்கணும். எடுத்துப் பார்த்தா ஃபாயில் பூரா பொத்தலும் சுருக்கமுமா இருக்கணும். ஒண்ணுமே ஆகலைன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுங்க. நல்ல மெஷினா இருந்தாலும் பொத்தல் ஒரே சீரா வராது, பட்டை பட்டையா வரும். தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,480 மீட்டர் அளவு. 40,000ஆல் வகுத்தால் ஒரு அலையின் நீளம் 37 மில்லிமீட்டர். அதில் பாதி, அதாவது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை. பட்டையில் அடி பலமா விழும், இடையில் சும்மா இருக்கும். அதனால பாதி நேரத்துல பொருளைத் திருப்பி வைக்கணும், கொஞ்சம் ஏத்தி இறக்கணும். இதைப் பண்ணாமதான் பல பேர் "ஒரு பக்கம் மட்டும் வெளுத்துச்சு"ன்னு சொல்றாங்க.

தண்ணீருக்கு வருவோம். புதுசா ஊத்தின தண்ணீர்ல காற்று கரைஞ்சிருக்கும். அந்தக் காற்று குமிழிக்குள் புகுந்து மெத்தை மாதிரி ஆயிடும், அடி விழாது. அதனால பொருளைப் போடுறதுக்கு முன்னாடி அஞ்சு பத்து நிமிஷம் வெறும் தண்ணீரை ஓட்டணும். சூடு 50, 60 டிகிரி. சூடு ஏறினா அழுக்கு இளகும். ஆனா கொதிக்க விட்டா வேலை கெடும், குமிழி ஆவியால நிறைஞ்சு மெதுவா அமுங்கும். சோப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு ஸ்பூன் போதும். வாஷிங் சோடா, ஆசிட், பிளீச்சிங் எதுவும் தொட்டிக்குள் நேரா வேண்டாம். பிளீச்சிங்ல இருக்கிற குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே குழி விழ வைக்கும். எங்க வீட்ல சிறுவாணித் தண்ணி வர்ற நாள்ல அதை ஊத்துவேன், போர் தண்ணியை ஊத்த மாட்டேன். உப்புத் தண்ணி காஞ்சா வெள்ளையா படியும். எலக்ட்ரானிக்ஸ்னா கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர்.

இரண்டு விதி மட்டும் மீறவே கூடாது. தண்ணீர் இல்லாம ஓட்டக் கூடாது, டிரான்ஸ்டியூசர் சூடாகிப் போயிடும். எந்தப் பொருளையும் தொட்டி அடியில் நேரா வைக்கக் கூடாது. கூடையில் வைக்கணும், இல்லைன்னா நூல்ல கட்டித் தொங்க விடணும்.

சரி, கார்புரேட்டர். இதுக்குத்தான் பாதிப் பேர் இந்த எபிசோடைக் கேட்கிறீங்க.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு நம்ம ஊர் புது வண்டிகள் பெரும்பாலும் ஃப்யூல் இஞ்செக்‌ஷனுக்குப் போயிடுச்சு. கார்புரேட்டர் இப்ப பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க விஷயம். பழைய வண்டின்னா தினமும் ஓடாது. மூணு மாசம் ஷெட்ல நிக்கும். ஃப்ளோட் கிண்ணத்துல தங்கின பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் மாதிரி கெட்டியாகி, முதல்ல போய் அடைக்கிறது பைலட் ஜெட்டைத்தான். இப்போ பெட்ரோலில் எத்தனால் சேர்க்கிறதால ஈரத்தையும் இழுத்து வெச்சுக்குது. கிண்ணத்துக்குள்ள வெள்ளையா, பச்சையா பூத்திருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனா ஐடில்ல நிக்காது.

பைலட் ஜெட்டோட ஓட்டை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மெக்கானிக்குகள் கிளட்ச் கேபிள்ல இருந்து ஒரு இழை உருவி அதுக்குள்ள விட்டுக் குத்துவாங்க. ஜெட் பித்தளை, இழை இரும்பு. யாரு ஜெயிப்பா? ஓட்டை பெருசாகும். அப்புறம் மைலேஜ் வரலைன்னு வேற எங்கேயோ தேடிக்கிட்டு இருப்போம். இந்த இடத்துல அல்ட்ராசோனிக் கிளீனருக்கு ஈடு கிடையாது. அளவு மாறாம அடைப்பு மட்டும் போகும்.

முழுசாப் பிரிக்கணும். ரப்பர் டயாஃப்ரம், ஓ-ரிங், பேக்கிங், பிளாஸ்டிக் ஃப்ளோட் எல்லாம் வெளியே. ஏர் ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ளே முழுசா இறுக்கி எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வெச்சுக்கணும். பாடி, ஜெட்டுகள் மட்டும் உள்ளே போகும். ஜெட்டைச் சின்ன டீ வடிகட்டியில போட்டுத் தொங்க விடுங்க. பாடியை உள்ளே இறக்குறப்போ சாய்ச்சு இறக்கணும். துளைக்குள்ள காற்று மாட்டிக்கிட்டா அங்கே தண்ணீரே போகாது, அப்புறம் எங்கே சுத்தமாகும்? பத்து நிமிஷம், திருப்பி வெச்சு இன்னொரு பத்து நிமிஷம். அரை மணிக்கு மேல வேண்டாம். பாடி அலுமினியம் இல்லைன்னா துத்தநாகக் கலவை வார்ப்பு. காரமும் ஆகாது, அமிலமும் ஆகாது. 'கார்பு பளபளன்னு வரணும்'னு வாஷிங் சோடாவைக் கரைச்சுப் போட்டா கறுத்துப் போய் வரும். பிசின் ரொம்பக் கெட்டியா இருந்தா, முதல்ல வெளியே கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு ஊற வெச்சு, துடைச்சு, நல்லா காயவிட்டு, அப்புறம் தொட்டிக்கு வாங்க.

எடுத்ததும் சுடுதண்ணீர்ல அலசி, ஒவ்வொரு துளையிலும் ஏர் அடிக்கணும். கம்ப்ரஸர் இல்லைன்னா சைக்கிள் பம்பு. இளகின அழுக்கு துளைக்குள்ளேயே நின்னுட்டா வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. ஜெட்டை ஜன்னலுக்கு நேரா தூக்கிப் பாருங்க, வட்டமா வெளிச்சம் தெரியணும். இரும்பு ஸ்க்ரூக்களை உடனே துடைச்சு எண்ணெய் காட்டுங்க. சூடா, சுத்தமா, எண்ணெய்ப் பசையே இல்லாம வெளியே வர்ற இரும்பு கண் முன்னாடியே துரு பிடிக்கும்.

இப்போ பெட்ரோல் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

எங்க ஏரியாவில் ஒரு பையன் சின்னதா டூ-வீலர் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான். நல்ல கை. புதுசா ஆறு லிட்டர் மெஷின் வாங்கியிருக்கேன், வந்து பாருங்கண்ணானு கூப்பிட்டான். போனேன். தொட்டியில் பெட்ரோலை ஊத்தி, கார்புரேட்டரை உள்ளே வெச்சு, மூடியைப் போட்டுட்டு, எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். இன்னும் ஆன் பண்ணலை. பக்கத்து பெஞ்சுல கிரைண்டர்.

"தம்பி, அதுல கையை வெக்காதே. முதல்ல வெளியே வா" என்றேன்.

"ஏனுங்ண்ணா? தண்ணியில கழுவினா துரு ஏறுமுங்ண்ணா. எங்க குரு காலத்துல இருந்து பெட்ரோல்லதானே கழுவுறோம். எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

அவன் கேட்டதுல நியாயம் இருக்கு. பெட்ரோல் கிண்ணத்துல பிரஷ் போட்டுக் கழுவுறதை நம்ம ஊர்ல எந்த ஒர்க்‌ஷாப்லயும் பார்க்கலாம். அதுவும் ஆபத்துதான், ஆனா கிண்ணத்துக்கு ஒயர் கிடையாது. இது கிண்ணம் இல்லை. அடியில ஹீட்டர் இருக்கு. அந்த ஹீட்டரை ஆன் ஆஃப் பண்ற காண்டாக்ட் இருக்கு, ஒவ்வொரு தடவையும் அங்கே பொறி வரலாம். டிரான்ஸ்டியூசருக்கு உயர் மின்னழுத்தம் போகுது. பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி வெளியேறும் வெப்பநிலை, சைபருக்குக் கீழே 40 டிகிரி பக்கம். கோயம்புத்தூர் மார்கழியில் கூட அது எப்பவும் தயாரா இருக்கு. ஹீட்டரே போடலைன்னாலும் அதிர்வுல தானா சூடேறும், மேல்பரப்பு கலங்கி ஆவி இன்னும் வேகமா கிளம்பும். அந்த ஆவி காற்றை விடக் கனம். மேலே போகாது. தொட்டி விளிம்புல வழிஞ்சு கீழே இறங்கும். கீழே என்ன இருக்கு? எலக்ட்ரானிக்ஸ் குளிர்றதுக்காகப் பெட்டியில் போட்டு வெச்ச காற்றுத் துளைகள்.

இதை அவன்கிட்ட வரைஞ்சு காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "மெயினை ஆஃப் பண்ணிடட்டுங்களா?" என்றான். பிளக்கைப் பிடுங்காதே, அங்கேயும் பொறி வரும், வெளியே இருக்கிற மெயினை இறக்கு என்றேன். பெட்ரோலைக் கேன்ல திருப்பி ஊத்தி, துடைச்சு, மெஷினை ஒரு நாள் முழுக்க வெட்டவெளியில் வெச்சான். மறுநாள் தண்ணீரும் சோப்பும் ஊத்தி அதே கார்புரேட்டரைப் போட்டோம். இருபது நிமிஷத்துல பைலட் ஜெட்ல வெளிச்சம் தெரிஞ்சுது. துரு ஏறுமேன்னு அவன் கேட்டதுக்குப் பதில், ஏர் அடிச்சுக் காயவெக்கிறதுல இருக்கு.

தின்னர், டர்பன்டைன், ஐபிஏ எல்லாத்துக்கும் இதே கதைதான். ஐபிஏவோட ஃப்ளாஷ் பாயிண்ட் 12 டிகிரி பக்கம். ஊட்டியில காலையில வேணும்னா அதுக்குக் கீழே இருக்கலாம், நம்ம ரூம்ல இருக்காது. 3டி பிரிண்டிங் பண்றவங்க ரெசின் கழுவ ஐபிஏவைத் தொட்டி நிறைய ஊத்துறாங்க. தயவு செஞ்சு வேண்டாம். சின்ன கண்ணாடி பாட்டில்ல கொஞ்சமா ஊத்தி, அந்தப் பாட்டிலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, ஹீட்டர் போடாம ஓட்டுற ஒரு முறை உண்டு. பலர் பண்றாங்க. நான் பண்றதில்லை. தண்ணீரும் சோப்பும் முடிக்காத வேலையை நான் தொட்டிக்கு வெளியே, பிரஷ்ல, ஜன்னலைத் திறந்து வெச்சு முடிச்சுக்குவேன்.

அடுத்தது நகை. கார்புரேட்டர் போனா வேற வாங்கலாம்.

மெஷின் வாங்கின வீடுன்னு தெரிஞ்சா தெருவே கொலுசு கொண்டு வரும். வெள்ளிக் கொலுசு, கல் இல்லாத தங்கச் செயின், வளையல், இதுக்கெல்லாம் இந்த மெஷின் அருமை. வேர்வையும் மஞ்சளும் சோப்பும் சேர்ந்து கண்ணிக்குள்ள உட்கார்ந்திருக்கும் பாருங்க, அது மேகம் மாதிரி வெளியே வரும். தாலிக்கொடின்னா கொஞ்சம் நில்லுங்க. அதில் கோத்திருக்கிற குண்டு பல சமயம் உள்ளே பொள்ளல். பொள்ளலுக்குள் அரக்கு நிரப்பியிருப்பாங்க. 60 டிகிரித் தண்ணீர்ல அரக்கு இளகும்.

எதிர் வீட்டு அம்மிணி ஒரு நாள் ஒரு ஜோடித் தோடு கொண்டு வந்துச்சு. சிவப்புக்கல் வெச்ச பழைய தோடு. அவங்க அம்மாவோடது. அம்மா தவறி ஒரு வருஷம் ஆச்சு. தங்கச்சி மகள் சீருக்குப் போட்டுக்கணும், மங்கிக் கிடக்கு, உங்க மெஷின்ல ஒரு தடவை போட்டுக் குடுங்கண்ணான்னு கேட்டுச்சு. தோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மூடியிருந்துச்சு. இந்த மாதிரி மூடின கட்டுல கல்லுக்கு அடியில மெல்லிசா ஒரு ரேக்குத் தகடு இருக்கும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக் கல்லுக்கு ஒளி குடுக்கிறது அதுதான். அதுக்குக் கீழே அரக்கு. தண்ணீர் உள்ளே இறங்கினா தகடு கறுக்கும், கல் செத்துப் போன கண்ணு மாதிரி ஆயிடும். அரக்கு இளகினா கல்லே கையோட வரும்.

"முடியாது அம்மிணி" என்றேன்.

"நகைக்கடையில எல்லாம் இந்த மெஷின்லதான போட்டுத் தர்றாங்க?"

"போடுவாங்க. அது பின்னாடி திறந்த கட்டு. கல்லை நகம் மாதிரி கம்பி பிடிச்சிருக்கும். அதையே அவங்க லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டுத்தான் போடணும். இது உங்கம்மா காலத்து வேலை. இதைச் செஞ்ச மாதிரி ஆள்கிட்டத்தான் குடுக்கணும்."

முகம் கொஞ்சம் வாடிப் போச்சு. அக்கறை இல்லாம சொல்றேன்னு நினைச்சிருக்கலாம். ராஜ வீதிப் பக்கம் பழைய கட்டு வேலை தெரிஞ்ச ஆசாரி ஒருத்தரோட இடத்தைச் சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழிச்சு வந்து காட்டுச்சு. ஆசாரி பின்னாடி பிரிச்சு, இரண்டு கல்லுக்கு ரேக்கு மாத்தி, புதுசா அரக்கு வெச்சு மூடியிருந்தார். ஒரு பக்கத் தோட்டுல மூணு கல்லு வெறும் அழுக்குலதான் ஒட்டிக்கிட்டு இருந்ததாச் சொன்னாராம்.

அதை எல்லாரும் மனசுல வெச்சுக்கணும். பழைய நகையில கல்லைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது சில சமயம் அழுக்குதான். நான் எந்த நகையைப் போட்டாலும், முடிஞ்சதும் தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில வடிகட்டாம சிங்க்ல ஊத்த மாட்டேன். முத்து, பவளம், ஓபல், டர்க்காய்ஸ் எதுவும் வேண்டவே வேண்டாம். மரகதம் ஏன் வேண்டாம்னா, அதில் இயற்கையாவே கீறல் இருக்கும். அது தெரியாம இருக்க எண்ணெய் ஊட்டியிருப்பாங்க. மெஷின் அந்த எண்ணெயை வெளியே எடுத்துடும். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பார்த்தா நேத்து இல்லாத விரிசல் இன்னைக்குத் தெரியும்.

பேனா பத்தி ஒரு நிமிஷம். நிப், ஃபீட் இரண்டும் போடலாம். சூடு இல்லாத தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, இரண்டு நிமிஷம். காஞ்ச இங்க் பட்டு நூல் மாதிரி இறங்கும், பார்த்துக்கிட்டே இருக்கலாம். பேனா உடம்பைப் போடாதீங்க. திருவள்ளூர்ல கையால கடையுற எபோனைட் பேனா வெச்சிருக்கிறவங்க குறிப்பாக் கவனிங்க. எபோனைட் சுடுதண்ணீர்ல நிறம் மாறி மங்கிடும். பழைய பேனாவுக்குள்ள ரப்பர் சாக் இருந்தா அதையும் போடாதீங்க.

எலக்ட்ரானிக்ஸ்ல, சால்டர் பண்ணின பிறகு ஐசிக்கு அடியில தங்குற ஃப்ளக்ஸை எடுக்க இது நல்ல வழி. ஆனா போர்டுல மைக், கைரோ சென்சார், ரிலே, பஸ்ஸர் இருந்தா போடாதீங்க. இன்னொண்ணு, கடிகாரக் கிரிஸ்டல். சின்ன வெள்ளி உருளை மாதிரி இருக்கும். அதுக்குள்ள இருக்கிறது ஒரு குட்டி இசைக்கவை. நொடிக்கு 32,768 தடவை அதிரும். நம்ம தொட்டி 40,000. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற இரண்டு அதிர்வு, அந்தக் கவையை எவ்வளவு ஆட்டும்னு யோசிச்சுப் பாருங்க. குவார்ட்ஸ் வாட்சை அப்படியே தூக்கிப் போடக் கூடாதுங்கிறதுக்கும் இதான் காரணம். ஸ்டீல் செயினை மட்டும் கழட்டிப் போடுங்க, நல்லா வரும்.

கேள்விகள் மூணு வந்திருக்கு, சுருக்கமாச் சொல்லிடறேன்.

தொட்டியோட அடி மங்கலா, சாம்பல் நிறமா ஆகுது, ரிப்பேரான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ரிப்பேர் இல்லைங்க. குமிழி தொட்டியையும் அரிக்கும்னு முன்னாடியே சொன்னேன்ல? அதுதான். சும்மா ஓட விடாதீங்க, மண் துகள் அடியில தங்க விடாதீங்க, தண்ணீர் குறைவா வெச்சு ஓட்டாதீங்க, பல வருஷம் வரும். விரலால தடவி குழி தெரியற அளவுக்கு ஆச்சுன்னா அந்தத் தொட்டிக்குக் காலம் முடிஞ்சுது. ஓட்டை விழுந்தா தண்ணீர் நேரா கரண்ட் மேலதான் இறங்கும்.

கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊத்தலாமான்னு இன்னொருத்தர். கொலுசு கழுவினதுன்னா பரவாயில்லை. கார்புரேட்டர், சால்டர் போர்டு கழுவினதுன்னா அதில் எண்ணெய் இருக்கு, ஈயம் இருக்கு. கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டு அதையே தாளிச்சுச் சாப்பிடாதீங்க. நான் ஒரு கேன்ல சேர்த்து வெச்சு, தெளிய விட்டு, அடியில தங்குற வண்டலைக் காயவெச்சுத் தனியா எடுத்துடுவேன்.

மூணாவது, மெஷினைப் போட்டா எங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போயிடுது, ஏன்னு ஒரு பாப்பா குரல் பதிவு அனுப்பியிருக்கு. கண்ணு, நாய்க்கு 45 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரைக்கும் காது கேட்கும். பூனைக்கு அதுக்கும் மேல. நமக்குக் கேட்காத அந்த 40 அதுக்கு நல்லாவே கேட்குது, காதுக்குள்ள விசில் ஊதுற மாதிரி. அப்பாகிட்டச் சொல்லி, மெஷினை மாடிக்கோ பின்கட்டுக்கோ கொண்டு போய் ஓட்டச் சொல்லு. அதுக்கு முன்னாடி நாயை வெளியே ஒரு நடை கூட்டிட்டுப் போயிடு.

அடுத்த தடவை ஏர் கம்ப்ரஸர் பத்திப் பேசலாம், அதுவும் நிறையப் பேர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. வரேனுங்க.